செட்டியார் கடையும் கடைமடை பொம்மையும்: பொம்மை வச்சு புள்ளைங்க பாடம் படிக்கறது எப்படி?

நவராத்திரி வந்தா தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் எந்த வீட்டு கொலுவுக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியவங்க சொல்லுவாங்க, கொலு வைக்கறதே புள்ளைங்களுக்கு நாலு விஷயம் தெரியட்டும்னுதான்னு. அதே வாயால அடுத்த நிமிஷம் "டேய் தொடாதடா, ஒடஞ்சிரும்"னும் வரும். ஏழு படி நிறைய பொம்மை, ஒண்ணு மேலயும் கை படக்கூடாது. புள்ளைங்க ஒரு சுத்து பாத்துட்டு சுண்டலை வாங்கிக்கிட்டு நேரா கீழ தரைல உக்காந்துரும், ஏன்னா அங்கதான் பார்க் இருக்கு, மண்ணு இருக்கு, செட்டியார் கடை இருக்கு, அங்க கை வைக்க விடுவாங்க. பள்ளிக்கூடத்துப் பாடம்னு எடுத்துக்கிட்டா கொலுவுல நடக்கற படிப்புல முக்காவாசி அந்தத் தரைலதான் நடக்குது.

அதுக்காக படில இருக்கறது வேஸ்ட்டுன்னு சொல்லல. கீழ்ப்படில செடி கொடி, அதுக்கு மேல சங்கு நத்தை, அப்பறம் எறும்பு கரையான், நண்டு வண்டு, மிருகம் பறவை, மனுஷன், முனிவர், சாமின்னு ஓரறிவுல ஆரம்பிச்சு மேல போற வரிசை ஒண்ணு சொல்லுவாங்க. தொல்காப்பியத்துல உயிர்களை அறிவை வச்சுப் பிரிச்சிருக்கறதோட வழி அது. வகைப்படுத்தறதுன்னு அறிவியல் புத்தகத்துல வர்றது இதுதான். நெஜத்துல எந்த வீட்டுலயும் அந்த வரிசை முழுசா இருக்காது, கிரிக்கெட் டீம் செட்டும் போலீஸ் பேண்டு செட்டும் எடம் கெடைச்ச படில நிக்கும். ஆனா பரண்லேருந்து பெட்டிய எறக்கி வைக்கல் பிரிக்கும்போது புள்ளைய கூட உக்கார வச்சு "பாம்பு எந்தப் படி? வௌவால் எங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, அது போடற சண்டைல ஒரு முழு பீரியட் அறிவியல் இருக்கும். வைக்கறவங்க யோசிக்கறாங்க, பாக்கறவங்க சும்மா பாக்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொம்மை தானா எதையும் சொல்லித் தராது. "எஜுகேஷனல் டாய்"னு டப்பா மேல அச்சடிச்சு விக்கறதைப் பாத்தா பெட்டிய பிரிச்சதும் புள்ளைக்கு கணக்கு வந்துரும் போல இருக்கும். வராது. பொம்மைக்கும் பாடத்துக்கும் நடுவுல "இது அதுதான்"னு ரெண்டையும் கோத்து விட ஒரு ஆள் வேணும், அத்தையோ பாட்டியோ டீச்சரோ, இல்ல ரெண்டு வயசு பெரிய அக்காவோ. இதை நான் ஊர்ப்பெருமைக்காக சொல்லல, ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிக்குது.

அமெரிக்காவுல ஜூடி டெலோச்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், 1987ல அவங்க வெளியிட்ட பரிசோதனை ஒண்ணு இந்தத் துறைல ரொம்ப பிரபலம். ஒரு நெஜ ரூம், அதே ரூமை அப்படியே சின்னதாக்கி சோபா அலமாரியெல்லாம் வச்சு ஒரு மாடல். புள்ளை பாத்துக்கிட்டு இருக்கும்போதே குட்டி நாய் பொம்மைய மாடல் ரூம்ல ஒரு எடத்துல ஒளிச்சு வச்சிட்டு, பெரிய நாய் பொம்மை நெஜ ரூம்லயும் இதே எடத்துலதான் ஒளிஞ்சிருக்கு, போய் எடுத்துட்டு வான்னு சொல்றாங்க. மூணு வயசு புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க நேரா போய் எடுத்துட்டு வர்றாங்க. ரெண்டரை வயசு புள்ளைங்க முழிக்கறாங்க, ஆனா மறந்து போய் இல்ல, மாடல்ல எங்க ஒளிச்சோம்னு கேட்டா கரெக்டா எடுத்துக் குடுக்கறாங்க. மாடல் ரூம் அந்த ரூமைக் குறிக்குதுங்கற விஷயம்தான் அந்த வயசுல எட்டல. மேப்பு, படம், எண், எழுத்து எல்லாமே ஒண்ணு இன்னொண்ணைக் குறிக்கறதுதானே, அதனால பள்ளிக்கூடத்துக்கு அடித்தளமே இந்த ஆறு மாச இடைவெளில எங்கயோ விழுதுன்னு சொல்லலாம்.

இதுக்கப்பறம் அவங்க பண்ணதுதான் இன்னும் சுவாரஸ்யம். மூணு வயசு புள்ளைங்கள மொதல்ல அந்த மாடலோட கொஞ்ச நேரம் நல்லா வெளையாட விட்டுட்டு அப்பறம் தேடச் சொன்னா, தேடறது மோசமாயிருச்சு. அதே மாடலை கண்ணாடிக்குப் பின்னாடி, தொட முடியாம வச்சா ரெண்டரை வயசுக்காரங்க முன்னைவிட நல்லா கண்டுபிடிச்சாங்க. அதாவது பொம்மை வெறும் பொம்மையா ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னா அது எதைக் குறிக்குதுங்கறது மறைஞ்சு போயிருது. கொலுவுல "தொடாத"ன்னு சொல்ற பாட்டிக்கு இது தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!

இதே மாதிரி இன்னொண்ணு. 2009ல வந்த ஒரு ஆய்வுல, அசல் மாதிரியே இருக்கற நோட்டும் சில்லறையும் கைல வச்சுக்கிட்டு கணக்கு போட்ட புள்ளைங்க, அது இல்லாம போட்டவங்களைவிட அதிகமா தப்பு விட்டாங்க. ஆனா கணக்கே புரியாததால வர்ற தப்பு அவங்ககிட்ட கம்மியா இருந்துச்சு. ரெண்டும் சேந்துதான் வருது. பொருள் கைல இருந்தா விஷயம் புரியுது, பொருள் ரொம்ப பளபளன்னு இருந்தா கவனம் அதுலயே போயிருது. அதனாலதான் எனக்கு மரப்பாச்சி மேல ஒரு தனி மரியாதை. செம்மரத்துல செதுக்கின ஒரு ஆணு ஒரு பொண்ணு, மூஞ்சில பெருசா பாவம் கெடையாது, அலங்காரம் கெடையாது. இன்னைக்கு கல்யாணப் பொண்ணு, நாளைக்கு கண்டக்டர், நாளன்னைக்கு தலைமையாசிரியர். கண்ணை சிமிட்டி பாட்டு பாடற பேட்டரி பொம்மையால கடைசி வரைக்கும் கண்ணை சிமிட்டி பாட்டு பாடத்தான் முடியும். பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்து புள்ளைங்க மூணு சக்கர சிறுதேர் உருட்டறது வரும், அதுல குதிரை இல்லைன்னு புலவர் குறிப்பாவே சொல்றார். குதிரைய அந்தப் புள்ளைங்கதான் மனசுல பூட்டிக்கணும். வைகாட்ஸ்கின்னு ரஷ்ய உளவியலாளர் 1930கள்ல குச்சிய குதிரையாக்கி ஓட்டற புள்ளைய வச்சுதான் இதே விஷயத்தை விளக்கினார், பொருள்லேருந்து அர்த்தத்தைப் பிரிச்சு எடுக்கக் கத்துக்கற எடம் விளையாட்டுதான்னு.

சரி, கணக்குக்கு வருவோம். கொலுவுல செட்டியார் பொம்மைன்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும், தொந்தியோட செட்டியார், பக்கத்துல ஆச்சி, முன்னாடி குட்டி குட்டியா அரிசி பருப்பு உப்பு குவிச்சு வச்ச கடை. இதை சும்மா ஜோடிச்சு வைக்காம கடைய நடத்த விடணும். டெல்டா வீடுகள்ல இன்னும் சமையக்கட்டுல அரிசி அளக்கற ஆழாக்கு கெடக்கும், பல வீட்டுல அதைவிடப் பெரிய அளவான பித்தளைப் படியும் இருக்கும். பிளாஸ்டிக் சொப்பை ஒதுக்கிட்டு இதை எடுத்துக் குடுங்க. அரிசில வெளையாடக் கூடாதுன்னா ஆத்து மணல் போதும்.

"செட்டியாரே, ஒரு உழக்கு துவரம்பருப்பு போடுங்க."

"உழக்கு இல்லீங்கம்மா, ஆழாக்குதான் இருக்கு."

"அப்ப ஆழாக்கால எத்தனை போடுவீங்க?"

இங்கதான் புள்ளை மாட்டும், அப்பறம் அளந்து பாத்து கண்டுபிடிக்கும். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. அப்ப எட்டு ஆழாக்கு ஒரு படி. இதை புள்ளை கையால ஊத்திப் பாத்துட்டா அரை, கால், அரைக்கால் மூணும் வந்துருச்சு. ஒரு உரியும் ஒரு உழக்கும் ஒரு ஆழாக்கும் படில போட்டா நிறையுமான்னு கேளுங்க, நிறையாது, இன்னும் ஒரு ஆழாக்கு வேணும். 1/2 + 1/4 + 1/8 = 7/8ன்னு கரும்பலகைல எழுதி, பொது பகுதி எட்டாக்கு, மேல பெருக்குன்னு சொன்னா கண்ணு சொருகற அதே புள்ளைக்கு, படில விளிம்புக்கும் மணலுக்கும் நடுவுல தெரியற அந்த இடைவெளி எதுன்னு கேட்டா சட்டுனு சொல்லிரும். பொது பகுதின்னா என்னன்னு அப்பதான் அர்த்தமே வருது: எல்லாத்தையும் ஆழாக்காலயே அளக்கறது, வேற ஒண்ணுமில்ல. பெரிய புள்ளைங்கன்னா மேல போகலாம், 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், அப்ப கலத்துக்கு எத்தனை ஆழாக்குன்னு. படியோட அளவே ஊருக்கு ஊரு மாறும்ங்கறதால இதை லிட்டர்ல மாத்தறேன்னு கெளம்பாதீங்க, தலைவலிதான் மிச்சம்.

அப்பறம் தராசு. சரஸ்வதி பூஜைக்கு பொரி எப்படியும் வீட்டுக்கு வரும். ஒரு ஆழாக்கு பொரி ஒரு தட்டுல, ஒரு ஆழாக்கு அரிசி இன்னொரு தட்டுல. ரெண்டும் ஒரே ஆழாக்குதானே, ஏன் ஒரு பக்கம் சாயுது? கன அளவு வேற, எடை வேறங்கறது நடுநிலைப் பள்ளி வரைக்கும் கொழப்பற விஷயம், அது இங்க ஒரே நிமிஷத்துல முடியும். புள்ளையோட அடுத்த கேள்வி "அப்ப செட்டியார் பொரிய படி கணக்குல வித்தா யாருக்கு லாபம்?"ன்னு வந்துச்சுன்னா பொருளாதாரமும் ஆரம்பிச்சாச்சு.

மாண்டிசோரி கல்வி முறைய உருவாக்கின மரியா மாண்டிசோரி 1939ல சென்னை அடையாறுக்கு வந்து ரெண்டாம் உலகப்போர் காலத்துல இந்தியாவுலயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க. அவங்களுக்கு பாசாங்கு விளையாட்டுல அவ்வளவா நம்பிக்கை கெடையாது, புள்ளைக்கு நெஜ வேலையும் நெஜப் பொருளும்தான் வேணும்ங்கறது அவங்க கட்சி. எனக்கு இதுல பாதி ஒப்புதல். ஆழாக்கு நெஜமா இருக்கட்டும், செட்டியார் பொய்யா இருக்கட்டும். செட்டியார் இல்லாம வெறும் மணலை அளக்கச் சொன்னா எத்தனை நேரம் அளக்கும்? வாடிக்கையாளர் வந்து "என்ன செட்டியாரே, அளவு கொறையுது"ன்னு சண்டைக்கு நின்னாத்தான் மறுபடி அளந்து காட்டணும்ங்கற ரோஷம் வருது.

மொழிப்பாடத்துல பொம்மை பண்ற வேலை வேற மாதிரி. தமிழ்ல பேசறது ஒண்ணு எழுதறது ஒண்ணு, ஒண்ணாம் வகுப்புப் புள்ளைக்கு புத்தகத் தமிழ் பக்கத்து ஊர் பாஷை மாதிரி இருக்கும். ஆனா அதே புள்ளை கைல ஒரு ராஜா பொம்மையக் குடுத்தா "யாரங்கே! மந்திரியை அழைத்து வா!"ன்னு சொல்லும், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. டீச்சர் பொம்மைன்னா "அனைவரும் அமைதியாக அமருங்கள்". கூடவே வேலைக்காரன் பொம்மை "தோ வந்துட்டேங்கய்யா"ன்னு பேசும். எங்க எந்தத் தமிழ் பேசணும்ங்கற வித்தியாசம் புள்ளைக்கு ஏற்கெனவே தெரியுது, பொம்மை அதை வெளிய கொண்டு வருது. இதைக் கேட்டு அப்படியே எழுதி, பேச்சு நடை எது எழுத்து நடை எதுன்னு பிரிக்க வச்சா இலக்கணப் பாடம் சுலபமா போயிரும்.

வகுப்புல வாயே தொறக்காத புள்ளைங்களுக்கும் இது ஆகும். கேள்வி கேட்டா தலையக் குனியற புள்ளை, கைல பழைய சாக்ஸுல பட்டன் கண்ணு வச்ச கைப்பாவைய மாட்டிக்கிட்டா கிளி பேசற மாதிரி பதில் சொல்லும். தப்பா சொன்னாலும் தப்பு கிளியோடதுதானே. தமிழ்நாட்டுல 2022ல 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும் கொண்டு வந்து அடுத்த வருஷம் 4, 5க்கும் நீட்டின எண்ணும் எழுத்தும் திட்டத்துல பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு சேத்ததுக்கு காரணம் இதுதான், அரும்பு மொட்டு மலர்னு நெலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு நடத்தறாங்க. கும்பகோணம் பக்கத்து பாரம்பரிய பொம்மலாட்டத்தை அப்படியே வகுப்புக்கு கொண்டு வர முடியாதுங்க, அந்த பொம்மைங்க பத்து கிலோ வரைக்கும் கனம், கயித்தை தலைல மாட்டற இரும்பு வளையத்துல கட்டிக்கிட்டு ஆட்டறவங்க உடம்பாலயே ஆட்டணும், அது தனிக் கலை. வகுப்புக்கு சாக்ஸ் போதும்.

மரப்பாச்சிய உக்கார வச்சு புள்ளை தானே டீச்சரா நின்னு குச்சியோட ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தர்ற விளையாட்டு இருக்கே, அதை சிரிச்சுட்டு விட்டுறாதீங்க. 2009ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது, கம்ப்யூட்டர்ல ஒரு பாத்திரத்துக்கு நாமதான் சொல்லித் தர்றோம்னு நெனைச்ச மாணவர்கள், தனக்காகப் படிக்கறதைவிட அதுக்காக அதிக நேரம் படிச்சாங்க. இன்னொரு பக்கம் 2020ல கார்டிஃப் பல்கலைக்கழகத்துல 4லேருந்து 8 வயசு வரை 33 புள்ளைங்களுக்கு தலைல கருவி மாட்டிப் பாத்தாங்க. தனியா பொம்மை வச்சு வெளையாடும்போதுகூட, அடுத்தவங்களைப் புரிஞ்சுக்கறதோட சம்பந்தப்பட்ட மூளைப்பகுதி வேலை செய்யுது, தனியா டேப்லெட் ஆடும்போது அந்த அளவுக்கு இல்லைன்னு வந்துச்சு. ஆம்பளப் புள்ளை பொம்பளப் புள்ளைன்னு வித்தியாசமும் இல்ல. ஆனா அந்த ஆய்வுக்குப் பணம் குடுத்தது பார்பி பொம்மை விக்கற மேட்டல் கம்பெனி, புள்ளைங்க எண்ணிக்கையும் சின்னது, அதனால வாட்ஸப்புல வர்ற மாதிரி "அறிவியல் நிரூபிச்சிருச்சு"ன்னு குதிக்க வேண்டாம்.

தலையாட்டி பொம்மைக்கு வராம தஞ்சாவூர்க்காரங்க கட்டுரைய முடிக்க முடியாது. புவிசார் குறியீடு வாங்கின பொம்மை, பெரிய கோயில் வாசல்ல வரிசையா தலையாட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு வகை. துண்டு துண்டா கம்பில தொங்கி இடுப்பும் தலையும் தனித்தனியா ஆடற நாட்டியப் பொண்ணு ஒண்ணு, அடி உருண்டையா இருந்து எப்படித் தள்ளினாலும் எழுந்து நிக்கற ராஜா ராணி ஒண்ணு. ராஜா ராணிக்கு கனம் பூரா அடில இருக்கற களிமண்ணுல. அடிப்பகுதி ஒரு பந்தோட பகுதின்னு வச்சுக்கிட்டா, அந்தப் பந்தோட நடுப்புள்ளிக்குக் கீழ ஈர்ப்பு மையம் விழுது. சாய்ச்சா ஈர்ப்பு மையம் மேல ஏறும், விட்டா மறுபடி எறங்கப் பாக்கும், அதான் எழுந்து நிக்குது.

இதைப் படிச்சா புரியாது, செஞ்சா புரியும். முட்டை மேல சின்ன ஓட்டை போட்டு உள்ள இருக்கறதை ஆம்லெட்டுக்கு எடுத்துட்டு, காலி முட்டையக் கழுவி காய வச்சு உள்ள ரெண்டு ஸ்பூன் மணல் போடுங்க. ஒரு மூஞ்சி வரைங்க. தள்ளினா எழுந்து நிக்குமா? நிக்காது, சாய்ச்ச பக்கமே படுத்துக்கும், ஏன்னா மணலும் கூடவே சரிஞ்சு அந்தப் பக்கம் போயிருது. இப்ப மெழுகுவத்திய உருக்கி உள்ள ஊத்தி, முட்டைய நேரா நிறுத்தி வச்சு ஆற விடுங்க, மணல் அடிலயே ஒட்டிக்கும். இப்ப தள்ளுங்க, ராஜா எழுந்துருவார். அடுத்தது அவர் தலைல கிரீடம்னு களிமண்ணை உருட்டி கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிக்கிட்டே வரணும். மொதல்ல எழுந்திருப்பார், அப்பறம் மெதுவா எழுந்திருப்பார், ஒரு கட்டத்துல பொத்துனு சாஞ்சு எழுந்திருக்கவே மாட்டார். உறுதிச் சமநிலை, உறுதியற்ற சமநிலைன்னு புத்தகத்துல இருக்கறது பூரா அந்த கிரீடத்துல இருக்கு. எந்த எடத்துல விழுந்துச்சோ அந்த கிரீடத்தை எடை போட்டு நோட்டுல எழுத வைங்க, பக்கத்து வீட்டுப் புள்ளையோட முட்டைக்கு வேற எடை வரும், ஏன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும். மெழுகு மட்டும் பெரியவங்க ஊத்துங்க.

கடைசியா பார்க். வெந்தயமும் கேழ்வரகும் தெளிச்சா கொலு முடியறதுக்குள்ள பச்சையா எழுந்து நிக்கும், தெனம் ஸ்கேல் வச்சு அளந்து கோடு போட்டா வரைபடம். ஒரு கிண்ணத்தை மட்டும் அலமாரிக்குள்ள இருட்டுல வச்சுப் பாருங்க, அது வெளிய இருக்கறதைவிட உசரமா, ஆனா மஞ்சளா வெளுத்துப் போய் இருக்கும். வெளிச்சம் எதுக்குன்னு அதுக்கு மேல விளக்கணுமா என்ன.

ஆனா டெல்டாவுல பார்க்கோட உச்சம்னா அது ஆறுதான். ஒரு பெரிய தாம்பாளத்துல ஈர மணலைப் பரப்பி மேக்க கொஞ்சம் உசரமா, கெழக்க தணிவா சாய்ச்சுக்கணும். முக்கொம்புல கொள்ளிடம் பிரியட்டும், கல்லணைல காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு விரலால கோடு இழுக்கட்டும். ஒவ்வொரு கோட்டுலயும் விவசாயி பொம்மை, மேல்மடைல ஒருத்தர், நடுவுல ஒருத்தர், வேதாரண்யம் பக்கம் கடைமடைல ஒருத்தர். ஜூன் 12, மேட்டூர் தெறந்தாச்சுன்னு சொல்லி ஒரு டம்ளர் தண்ணிய மேக்கேருந்து ஊத்துங்க. மேல்மடைக்காரர் முழுகிருவார், கடைமடைக்காரர் காலுக்கு ஈரம்கூட வராது. அந்த பொம்மைய வச்சிருக்கற புள்ளை சும்மா இருக்குமா? "எனக்குத் தண்ணியே வல்ல, இன்னொரு டம்ளர் ஊத்து"ன்னு நிக்கும். இன்னொரு டம்ளர் கெடையாதுன்னு சொல்லணும், அங்கதான் பாடமே. அப்ப ஒருத்தன் மேல மணலை வச்சு அடைப்பான், அது ஷட்டர். இன்னொருத்தி இந்தக் கோட்டுக்கு கொஞ்ச நேரம், அந்தக் கோட்டுக்கு கொஞ்ச நேரம்னு சொல்லுவா, அதுக்குப் பேரு முறைப்பாசனம், பெரியவங்க பேரை மட்டும் சொன்னா போதும். வாய்க்காலைத் தூர் வாரினா தண்ணி வேகமா வருதான்னு ஒருத்தன் ஸ்பூனால தோண்டுவான். புவியியல், குடிமையியல், விகிதம் மூணும் ஒரே தாம்பாளத்துல, அதுவும் அவங்க அப்பா தாத்தா வீட்டுல தெனம் பேசற விஷயம்.

பள்ளிப் பாடப்புத்தகம் போடற மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி 2022ல பொம்மை வழிக் கற்பித்தலுக்குன்னே கையேடு போட்டுச்சு, 2020 தேசியக் கல்விக் கொள்கைல வந்த யோசனை அது. ஆனா வகுப்பறைல பாத்தா, டெல்டாவுலயும் சரி வேற எங்கயும் சரி, பொம்மைன்னாலே சின்ன வகுப்பு சமாச்சாரம்ங்கற நெனைப்புதான் இருக்கு. ஆறாவது போயிட்டா மார்க்கு, டியூஷன், கைடு. வேடிக்கை என்னன்னா மேல சொன்ன பாடத்துல பாதி அதுக்கு மேலதான் வேணும். முட்டை ராஜாவோட ஈர்ப்பு மையம் ஹைஸ்கூல் இயற்பியல், தாம்பாள ஆறு எட்டாவது ஒம்பதாவது சமூக அறிவியல், செட்டியார் கடையோட லாப நட்டமும் விகிதமும் ஆறு ஏழாவது கணக்கு. பெரிய வகுப்புப் பசங்க பொம்மையப் பாத்தா கேலி பண்ணுவாங்கன்னு டீச்சர்ங்க தயங்கறாங்க. அவங்களை பொம்மை வச்சு வெளையாடுங்கன்னு சொல்லாம, அஞ்சாவது புள்ளைங்களுக்கு ஒரு ஆறு செஞ்சு குடுங்க, எந்தக் கோட்டுக்கு எத்தனை டம்ளர்னு நீங்களே கணக்கு போட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா, கேலி பண்றவன்தான் மொதல்ல தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு பம்புக்குப் போவான்.